கரண்ட் வந்த பிறகு பிடித்த தீ: ஒரு வீட்டு மெழுகுவர்த்தி நிகழ்வு ஆய்வு

எங்கள் வீட்டுப் படுக்கையறையில் தீப்பிடித்தபோது கரண்ட் இருந்தது. டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இதைக் கேட்டவுடன் எல்லோரும் 'ஷார்ட் சர்க்யூட்டா?' என்றுதான் கேட்கிறார்கள். அந்த ராத்திரி நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், அந்த நினைப்பிலேயே மூன்று நிமிடம் போனது. தீயை வைத்தது ஒரு சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தி.

நான் வேலை பார்ப்பது ஆலை ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில். சின்ன விபத்தாக இருந்தாலும் எப்போது, எப்படி, ஏன் நடந்தது என்று அளந்து எழுதி வைப்போம். அதே முறையில் என் வீட்டில் நடந்ததையும் எழுதுகிறேன். வீட்டில் யாரையும் குற்றவாளி ஆக்குவதற்காக இல்லை. எங்களைப் போலவே மெழுகுவர்த்தி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இது அப்படியே நடக்கலாம் என்பது விசாரித்து முடித்தபோது தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று இரவு

வீட்டில் மூன்று பேர்: நான், அம்மா, பதினொரு வயது மகள். மாலை ஏழே முக்காலுக்குக் கரண்ட் போனது. ஒரே பாக்கெட்டிலிருந்து மூன்று மெழுகுவர்த்திகளை எடுத்தோம். ஹாலில் ஒன்றை நான் ஏற்றினேன். சமையலறையில் ஒன்றை அம்மா ஏற்றினார். மூன்றாவது, மகள் படித்துக்கொண்டிருந்த படுக்கையறைக்கு. அதை ஏற்றியது யார் என்பதில் எங்களுக்குள் இன்றுவரை ஒரே பேச்சு இல்லை. நான்தான் என்று அம்மா சொல்கிறார். அம்மாதான் என்று என் நினைவு. விசாரணையில் கிடைத்த முக்கியமான தகவல்களில் இதுவும் ஒன்று. அதற்கு அப்புறம் வருகிறேன்.

படுக்கையறையில் ஜன்னலை ஒட்டி ஒரு மேசை. அதன் மேல் பேனா, சீப்பு, ஹேர்பேண்டு போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டிரே. அந்த டிரேயில் இரண்டு சொட்டு மெழுகை உருக்கி விட்டு, மெழுகுவர்த்தியை அதில் அழுத்தி நிறுத்தியிருந்தோம். எல்லோரும் செய்வதுதான்.

எட்டரை மணிக்கு மேல் தனியாக இருக்கப் பிடிக்காமல் மகள் ஹாலுக்கு வந்துவிட்டாள். வரும்போது ஒரு காரியம் செய்திருந்தாள். ஓரமாகக் கட்டியிருந்த ஜன்னல் திரையை அவிழ்த்து இழுத்துவிட்டிருந்தாள். ஏன் என்று பிறகு கேட்டேன். "வெளியே ஒரே கறுப்பா இருந்துச்சுப்பா. யாரோ பாக்கற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

ஒன்பது பத்துக்குக் கரண்ட் வந்தது. எனக்கு எதிரே இருந்ததை நான் ஊதி அணைத்தேன். அம்மாவும் சமையலறையில் இருந்ததை அணைத்தார். டிவி போட்டோம். ஒன்பதே முக்காலுக்குச் சற்று முன்னால் அம்மா, "என்னப்பா, வயர் கருகுற வாடை வருதே" என்றார். நேரே சுவிட்ச் போர்டுக்குப் போனேன். மூடியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. ஃபிரிட்ஜ் பின்னால் பார்த்தேன். அதற்குள் படுக்கையறைக் கதவுக்கு மேலிருந்து புகை வர ஆரம்பித்துவிட்டது.

கதவைத் திறந்தபோது திரையின் மேல் பாதி எரிந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பி ஒரு பக்கம் கழன்று, எரியும் துணி ஜன்னல் ஓரமாகத் தரையில் விழுந்தது. கட்டிலும் மெத்தையும் இரண்டடி தள்ளி இருந்தன. கம்பி அந்தப் பக்கம் கழன்றிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுத வேண்டியிருந்திருக்கும். அம்மா மகளை இழுத்துக்கொண்டு வெளியே போனார். நான் குளியலறையிலிருந்து வாளித் தண்ணீரை எடுத்துத் தரையில் கிடந்த துணியில் ஊற்றினேன், அது அடங்கியது. அப்புறம் ஒரு மக்கு தண்ணீரை மேசை மேல் வீசினேன். டிரே உருகி, மெழுகும் பிளாஸ்டிக்குமாக ஒரு குட்டை எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் பட்ட நொடியில் 'புஸ்' என்று தீ என் முகத்தளவுக்கு எழும்பியது. கொதிக்கும் மெழுகு வலது மணிக்கட்டில் தெறித்தது. கடைசியில் சமையலறையிலிருந்து அகலமான எவர்சில்வர் மூடியைக் கொண்டுவந்து கவிழ்த்தபோதுதான் அது அணைந்தது.

எரிந்த அறை சொன்னது

மறுநாள் எதையும் துடைக்காமல் முதலில் படம் எடுத்தேன். பிறகு நேரத்தைக் கணக்கிட்டேன். கரண்ட் எப்போது வந்தது என்று எங்களில் யாருக்கும் சரியாக நினைவில்லை. உதவியது சமையலறையில் இருக்கும் ஓவன் அடுப்புதான். கரண்ட் போய் வந்தால் அதன் கடிகாரம் 12:00 என்று புதிதாக ஓடத் தொடங்கும். எல்லாம் முடிந்து கையில் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றபோது அதில் 12:47 மின்னியது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்தேழு. அப்படியானால் கரண்ட் வந்தது ஒன்பது பத்துக்கு. அதன் பிறகு குறைந்தது அரை மணி நேரம் அந்த மெழுகுவர்த்தி யாரும் பார்க்காமல் எரிந்திருக்கிறது.

எப்படிப் பிடித்தது என்பதற்கு என்னிடம் மூன்று ஊகங்கள் இருந்தன. ஒன்று, அடிவரை எரிந்து டிரேயைப் பிடித்திருக்கலாம். இரண்டு, சாய்ந்து விழுந்திருக்கலாம். மூன்று, திரை வந்து பட்டிருக்கலாம்.

முதல் ஊகத்தை மற்ற இரண்டு மெழுகுவர்த்திகள் தீர்த்துவைத்தன. அவையும் அதே பாக்கெட், அதே 20 செ.மீ. உயரம், ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஏற்றியவை. ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் எரிந்தும் மூன்றரை செ.மீ. அளவுதான் குறைந்திருந்தன. பொதுவாகவே இந்த ரக மெழுகுவர்த்தி மணிக்கு ஆறேழு கிராம் மெழுகைத்தான் தின்னும். ஆகவே ஒன்பதரை மணிக்குப் படுக்கையறை மெழுகுவர்த்தி இன்னும் 15 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல் நின்றிருக்கும். அடிவரை எரிந்திருக்க வழியில்லை.

சாய்ந்தும் விழவில்லை. உருகி உறைந்த கட்டியைக் கத்தியால் மெல்லப் பெயர்த்தபோது உள்ளே கட்டைவிரல் நீளத்துக்கு அடிக்கட்டை நின்றபடியே இருந்தது, ஒட்டிய வட்டம் கலையாமல். ஆனால் அதன் ஒரு பக்கம் மட்டும் வழித்தெடுத்தது போல் கரைந்திருந்தது. காற்றில் சாய்ந்து எரிந்த மெழுகுவர்த்திக்குத்தான் அப்படி ஒரு பக்கம் வழியும்.

சுவரும் அதையே சொன்னது. தீ மேல்நோக்கி விரிந்துகொண்டே போவதால் சுவரில் பெரும்பாலும் V போலக் கரி படியும். தீ எங்கிருந்து கிளம்பியது என்று தேடுபவர்கள் அந்த V-யின் அடிமுனையைத்தான் முதலில் பார்ப்பார்கள். எங்கள் சுவரில் அந்த முனை மேசைப் பலகையின் மட்டத்தில் இல்லை, அதற்குமேல் சுமார் 15 செ.மீ. உயரத்தில் இருந்தது. அதாவது மெழுகுவர்த்தியின் சுடர் நின்ற உயரம். மேசையும் டிரேயும் பிறகுதான் எரிந்திருக்கின்றன, மேலிருந்து சொட்டிய துணியால்.

திரையை ஆடவிட்டுப் பார்த்தேன்

திரைக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவே 25 செ.மீ. இருந்திருக்கிறது. பற்றக்கூடிய எதுவும் சுடருக்கு 30 செ.மீ. தூரத்துக்குள் இருக்கக் கூடாது என்பது தீயணைப்புத் துறையினர் பொதுவாகச் சொல்லும் அளவு. ஐந்து செ.மீ. குறைந்ததுதான் காரணம் என்று எழுதிவிட்டு முடித்திருக்கலாம். மனம் ஒப்பவில்லை. ஒரு மணி நேரம் சும்மா இருந்த திரை, அதன் பிறகு ஏன் பிடித்தது?

அந்த ஜன்னல் திரைக்கு ஜோடி ஒன்று ஹாலில் தொங்கியது. அதைக் கொண்டுவந்து மாட்டினேன். மேசையைப் பழைய இடத்தில் போட்டு, மெழுகுத் தடம் இருந்த இடத்தில் புது மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றாமல் நிறுத்தினேன். சுடர் இருக்கும் உயரத்தில் கம்பியில் ஒரு பஞ்சு உருண்டையைச் செருகி, மகளின் வாட்டர் கலரில் சிவப்பை எடுத்து நனைத்தேன். கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தினேன். ஃபேனைப் போடவில்லை. இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் திரையில் ஒரு புள்ளிகூட இல்லை.

அப்புறம் ஃபேனை அன்று இருந்த வேகத்தில், ஐந்தில், போட்டேன்.

கரண்ட் போகும்போது யாரும் ஃபேன் சுவிட்சை அணைப்பதில்லை. நாங்களும் அணைக்கவில்லை. கரண்ட் வந்ததும் அது தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. இருபது நிமிடத்தில் திரையின் ஓரத்தில் பதினான்கு சிவப்புத் தடங்கள் இருந்தன. பெரும்பாலானவை தூரிகையால் இழுத்தது போல் மெல்லிய கோடுகள், பட்டும் படாமல் போனவை. இரண்டு மட்டும் ரூபாய் நாணயம் அளவுக்கு ஊறிய வட்டங்கள். அந்த இரண்டு முறை திரை வந்து அங்கேயே சற்று நின்றிருக்கிறது. சுடரில் விரலைச் சட்டென்று குறுக்கே இழுத்தால் சுடாது, நிறுத்தினால்தான் சுடும். துணிக்கும் அப்படித்தான். பல முறை தப்பி, ஏதோ ஒரு முறை நின்றபோது பிடித்திருக்கிறது. கரண்ட் வந்ததற்கும் வாடை வந்ததற்கும் நடுவே அரை மணி நேரம் ஏன் ஆனது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தச் சிவப்பு வட்டங்களைப் பார்த்தபோது வயிறு கலங்கியது.

இருட்டில் இருந்தவரை அந்த மெழுகுவர்த்தி ஆபத்தாக இல்லை. அந்த அறையில் வெளிச்சம் அது ஒன்றுதான், எட்டிப் பார்த்தாலே கண்ணில் படும், காற்றும் அசையவில்லை. கரண்ட் வந்த நொடியில் இரண்டும் ஒரே நேரத்தில் மாறின. ஃபேன் சுழன்று காற்று வந்தது, டியூப் லைட் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாமல் போனது. பளிச்சென்ற அறையில் மெழுகுவர்த்தி எரிவது வாசலிலிருந்து எட்டிப் பார்த்தால்கூட உடனே தெரியாது. அணைக்க வேண்டும் என்று நினைவூட்டுவது இருட்டுதான், அது போனதும் நினைவும் போய்விடுகிறது. மெழுகுவர்த்தி தேவைப்படும் நேரத்தைவிட, தேவை தீர்ந்த பிறகு வரும் நேரம்தான் மோசமானது என்பது என் முடிவு.

மற்ற இரண்டையும் அணைத்தோமே, இதை ஏன் விட்டோம்? அதை யார் ஏற்றியது என்று இருவருக்கும் தெரியாததால். அவரவர் ஏற்றியதை அவரவர் அணைத்தோம். மூன்றாவது யாருடையதும் இல்லாமல் எரிந்தது.

துணியும் ஒரு மெழுகுவர்த்திதான்

திரை அவ்வளவு வேகமாக எரிந்தது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெழுகுவர்த்தியில் எரிவது கட்டி மெழுகு இல்லை, உருகிய மெழுகுகூட இல்லை. உருகியது திரி வழியாக ஏறி, சூட்டில் ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. மைக்கேல் ஃபாரடே 1860 டிசம்பரில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய மெழுகுவர்த்திச் சொற்பொழிவுகளில் இதைக் கண்முன் காட்டினார். சுடரின் நடுவே கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்து, உள்ளிருந்த ஆவியை வெளியே இழுத்து, மறு முனையில் கொளுத்தினார். ஊதி அணைத்தவுடன் எழும் வெள்ளைப் புகைக்கோட்டில் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் இறங்கிவந்து திரியைப் பிடிப்பதும் இதனால்தான்.

எங்கள் திரை பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தது. தனி பாலியஸ்டர் சூடு பட்டால் சுருங்கி, உருகி, சில நேரம் தீயிலிருந்து விலகியே போய்விடும். பருத்தி உருகாது, நின்று எரியும். இரண்டும் கலந்திருந்தால் உருகிய பாலியஸ்டர் கீழே சொட்டிப் போக விடாமல் பருத்தி நூல் பிடித்து வைத்துக்கொள்கிறது. நூல் திரியாகிறது, பாலியஸ்டர் மெழுகாகிறது. அறை உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியை ஜன்னலில் தொங்கவிட்டது போல. அப்படியும் சொட்டியதுதான் டிரேயைப் பிடித்தது.

இந்தச் சின்னச் சுடரின் மிகச் சூடான பகுதி 1,400 டிகிரி செல்சியஸ் வரை போகும். பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளிக் கையை வைத்தால் ஒன்றும் தெரியாது. நேர் மேலே ஒரு சாண் உயரத்தில் வைத்தால் சில நொடிகூடப் பொறுக்க முடியாது. சூட்டில் பெரும்பகுதி மேலேதான் போகிறது. அலமாரித் தட்டுக்குக் கீழே மெழுகுவர்த்தி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்; மேலே குறைந்தது ஒரு மீட்டர் வெளி வேண்டும்.

நாங்கள் செய்தவை

மேசையில் தண்ணீர் வீசியது என் தவறு, அதுவும் இந்தத் தொழிலில் இருக்கும் நான் செய்தது. எரியும் மெழுகு நூறு டிகிரியைவிட எவ்வளவோ சூடானது. தண்ணீர் அதைவிடக் கனமானதால் அடியில் இறங்கி, அங்கேயே நீராவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் வேண்டும். அந்த வேகத்தில் மெழுகைத் துளித்துளியாகத் தூக்கி எறிகிறது. எரியும் எண்ணெயைப் போலவே மெழுகையும் மூடித்தான் அணைக்க வேண்டும்.

நான் உள்ளே போனதே சரியா என்றும் யோசித்தேன். சரியில்லை. தீ என் தலைக்கு மேலே போயிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, எல்லோரும் வெளியே வந்து, தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இன்றைய மெத்தைகளிலும் சோபாக்களிலும் இருக்கும் ஃபோம் பிடித்தால் ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றும் நிலைக்குப் போகலாம். அந்த மூன்று நிமிட சுவிட்ச் போர்டு தேடலை அதோடு சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு மயிரிழையில் தப்பினோம் என்று புரியும். புகை எச்சரிக்கைக் கருவி ஒன்று அந்த அறையில் இருந்திருந்தால், வயரா வேறு எதுவுமா என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்திருக்க மாட்டோம்.

அம்மா செய்தது எல்லாமே சரி. முதலில் பிள்ளையை வெளியே கொண்டுபோனார். அப்புறம் என் கையைக் குழாயடியில் பிடித்து, நான் ஐஸ் கேட்டும் தராமல், முழுதாக இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் வைத்தார். தோலில் ஒட்டிய மெழுகைப் பிய்க்க விடவில்லை. மருத்துவர் பார்த்தபோது, அந்த இருபது நிமிடம்தான் ஆழமாகப் போகாமல் காத்தது என்றார்.

எங்கள் நிகழ்வு அபூர்வமானதா என்று பார்த்தேன். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் கணக்குப்படி அந்த நாட்டில் 2015 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 7,400 வீட்டுத் தீகள் மெழுகுவர்த்தியால் வந்தவை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் படுக்கையறையில் தொடங்கியவை. பாதிக்கும் மேல், பற்றக்கூடிய ஏதோ ஒன்று மிக அருகில் இருந்ததால். படுக்கையறை, ஜன்னல், துணி: எங்கள் கதையேதான்.

இப்போது வீட்டில்

முதல் மாற்றம், படுக்கையறையில் மெழுகுவர்த்தியே கிடையாது. கட்டில் பக்கத்தில் ஒரு டார்ச்சும் சார்ஜ் விளக்கும் இருக்கின்றன. புகை எச்சரிக்கைக் கருவி இரண்டு மாட்டியிருக்கிறோம். கரண்ட் போனவுடன் முதல் வேலை எல்லா ஃபேன் சுவிட்சையும் அணைப்பது. அது மகளின் பொறுப்பு, ஓடிப்போய்ச் செய்கிறாள்.

மெழுகுவர்த்தியைச் சொந்த மெழுகால் ஒட்டுவதை நிறுத்திவிட்டோம். மணல் நிரப்பிய கனமான மண்சட்டியில் நட்டு வைக்கிறோம், சுற்றிலும் கைமுழ அளவு வெறும் இடம் விட்டு. திரி ஆறு மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் ஏற்றும் முன் வெட்டிவிடுகிறோம். நீளமான திரிதான் சுடரைப் பெரிதாக்கிப் புகையவும் வைக்கிறது. வாசனை மெழுகுவர்த்தி ஜாடி ஒன்று பரிசாக வந்தது. அடியில் ஒரு செ.மீ. சொச்சம் மெழுகு இருக்கும்போதே அதை நிறுத்திவிட்டோம், அதற்குக் கீழே போனால் சூட்டில் கண்ணாடியே வெடிக்கலாம். உலோகக் கிண்ணத்தில் வரும் சிறு மெழுகுவர்த்திகளை நெருக்கி அடுக்குவதும் கூடாது. ஒன்றின் சூட்டில் மற்றதன் மெழுகு ஆவியாகி மொத்தமாகப் பிடிக்கும்.

கடைசியாக, யார் ஏற்றியது என்ற கேள்வி. இதற்கு வழி சொன்னது அம்மாதான். மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் வைத்திருக்கிறார். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால், ஏற்றிய தீக்குச்சியை நன்றாக அணைத்து, தண்ணீரில் நனைத்து, அந்தக் கிண்ணத்தில் போட வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றை ஏற்றினாலும் கணக்குக்கு ஒரு குச்சி போட வேண்டும். கரண்ட் வந்ததும் அணைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சியை வெளியே எடுக்க வேண்டும். கிண்ணம் காலியாகும் வரை யாரும் உட்காரக் கூடாது.

போன மாதம் மறுபடி கரண்ட் போய், ஒரு மணி நேரத்தில் வந்தது. நான் ஹாலில் இருந்ததை அணைத்தேன், அம்மா சமையலறையில் இருந்ததை அணைத்தார். மகள் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். "அப்பா, இன்னும் ஒரு குச்சி இருக்கு."

யாருக்கும் நினைவில்லை. மூவரும் ஒவ்வொரு அறையாகப் பார்த்தோம். குளியலறையில் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. வாஷ்பேசின் ஓரத்தில், பிளாஸ்டிக் மக்குக்கு ஒரு விரல் தள்ளி, அந்த வெளிச்சத்தில் இருப்பதே தெரியாமல் சின்னதாக எரிந்துகொண்டிருந்தது மூன்றாவது.